தட்டை வச்சு எதிர உக்காரு

எட்டயபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் செல்விக்கு,

அம்மா எழுதுதேன். இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்குக் கால்வீக்கம் வத்திருச்சு. உங்க சுகத்துக்கு எழுது. போன்ல சொன்னா என்னன்னு கேப்ப. போன் போட்டா "மீட்டிங்ல இருக்கேம்மா, பிறகு கூப்பிடுதேன்"ங்க. அந்தப் பிறகுதான் வரமாட்டேங்குது. போன ஞாயிறும் கூப்பிடல, அதுக்கு முந்தின ஞாயிறும் கூப்பிடல. குறையாச் சொல்லல. வேலை இருக்கும். கடுதாசின்னா உனக்கு ஒழியும்போது பிரிச்சுப் படிச்சுக்கிடலாம், பதில் உடனே சொல்லணும்னும் இல்ல.

பேரன் கவின், வீட்டுச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்கான்னு நீ அழாத குறையாச் சொன்னல்ல, அதுலயிருந்து எனக்கு அதே நினைப்பு. சின்ன மாமா மக கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தோம், அதெல்லாம் பிறகு எழுதுதேன். பந்தியில உக்காந்தும் எனக்கு அவன் ஞாபகம்தான். அவன் வயசுப் பிள்ளை ஒண்ணு தன் கையாலேயே கூட்டாஞ்சோறு அள்ளித் தின்னுக்கிட்டு இருந்துச்சு. பெருமூச்சு விட்டேன், வேற என்ன செய்ய.

அன்னைக்கு வீடியோல பேசும்போது மேசையில கறுப்பு டப்பா ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல அவனுக்கு நூடுல்ஸ். இன்னொண்ணு உனக்குன்னு நினைக்கேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ அதைத் திறக்கல. அவன் செல்லைப் பார்த்துக்கிட்டே வாயைத் திறக்கான், நீ ஊட்டுத. என்ன உள்ள போகுதுன்னு அவனுக்கும் தெரியாது, எப்போ வயிறு நிறைஞ்சுதுன்னும் தெரியாது. செல்லை வாங்கி வச்சிரு. ரெண்டு நாள் கத்துவான். கத்தட்டும்.

1986ல சேர்ந்து அறுபது வயசுல அனுப்பி வைக்கிற வரைக்கும் சத்துணவு அமைப்பாளர் வேலை பார்த்தவ நான். பிள்ளைகளுக்குச் சோறு போடுறதுல எனக்கும் ரெண்டு விஷயம் தெரியும், படிச்ச பிள்ளைகிட்ட சொல்லக் கூச்சமா இருந்தாலும் சொல்லுதேன். வீட்ல கஞ்சித்தண்ணியைக்கூடக் குடிக்காதுன்னு தாயி வந்து முறையிடுற பிள்ளை, மத்தியானம் வரிசையில உக்காந்தா தட்டை வழிச்சுத் தின்னும். ருசியினாலன்னு நினைக்காத. பாண்டியக்கா சாம்பார் உனக்குத் தெரியாதா. பக்கத்துல இருக்கவன் தின்னுதான், அதனால இவனும் தின்னுதான். புதுசாச் சேர்ந்த பிள்ளையை நாங்க அஞ்சாம் வகுப்புப் பிள்ளை பக்கத்துலதான் உக்கார வைப்போம். யாரும் "தின்னு தின்னு"ன்னு சொல்ல மாட்டோம். நாலு நாள்ல அதுவே ரெண்டாந்தரம் கேக்கும்.

அதனால முதல்ல நீ ஒரு தட்டை வச்சு அவனுக்கு எதிர உக்காரு. அவனுக்கு ஊட்டிட்டு, அவன் மிச்சம் வச்சதை நின்னுக்கிட்டே வாயில போட்டுக்கிடாத. உக்காந்து சாப்பிடு. அவனுக்குப் போட்டதையே நீயும் போட்டுக்க.

கீரையை அரைச்சு தோசையில ஒளிச்சு வைக்கணும்னு உன் சிநேகிதி சொன்னாங்கன்ன. எனக்கு அது பிடிக்கல. ஒரு நாள் கண்டுபிடிச்சிருவான், அதுக்குப் பிறகு தோசையையும் சந்தேகமாப் பார்ப்பான். எங்க சென்டர்ல சாம்பார்ல மிதக்குற கருவேப்பிலையை ஒண்ணுவிடாம எடுத்துத் தட்டு ஓரத்துல வைப்பானுங்க. 2013ல கலவை சாதம் வந்த பிறகு வெள்ளிக்கிழமை கருவேப்பிலை சாதம்னு போட்டோம். பேரைச் சொல்லித்தான் போட்டோம். வறுத்து அரைச்சுக் கிளறினது, கூட ஒரு மசால் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும். அதே பிள்ளைங்கதான் தின்னானுங்க. ஒரு தடவை தள்ளிட்டான்னா அது வேண்டாம்னு முடிவு பண்ணிராத. பத்துப் பன்னெண்டு தடவையாவது கண்ணுல காட்டணும். தின்னாலும் சரி, தொட்டுப் பார்த்துட்டு விட்டாலும் சரி, நீ பேசாம இரு. கீரை தின்னா சாக்லேட் தாரேன்னு மட்டும் சொல்லிராத. கீரை ஏதோ தண்டனைன்னு அவன் நினைச்சுக்கிடுவான்.

தட்டுல மலை மாதிரி குவிக்கிறதும் தப்பு. ஒண்ணுலயிருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சர்க்காரே தலைக்கு 100 கிராம் அரிசிதான் கொடுத்துச்சு, ஆறுக்கு மேல 150. அவனுக்கு வயசு அஞ்சு, அதுல பாதியே தாராளம். ரெண்டு கரண்டி வை. வேணும்னா அவனே கேக்கட்டும். கேட்டு வாங்கித் திங்கிறது ஒரு கெத்து பிள்ளைகளுக்கு.

பாலைப் பத்தியும் சொல்லணும். காலையில ஒரு பெரிய டம்ளர், சாயந்தரம் ஒண்ணு, படுக்கப் போகும்போது ஒண்ணு, எல்லாத்துலயும் அந்தப் பொடி வேற. பிறகு எங்க பசிக்கும்? பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதனைக்கு வந்த டாக்டரம்மாவும் இதைத்தான் சொன்னாங்க, பாலா ஊத்துற பிள்ளைக்குச் சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும்னு. அந்தப் பொடியெல்லாம் 'ஹெல்த் டிரிங்க்'னு போட்டு விக்கக்கூடாதுன்னு 2024ல மத்திய சர்க்காரே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிருச்சு, பேப்பர்ல வந்தது. அதுல சீனிதான் நிறைய. பாலை ரெண்டு சின்ன டம்ளரோட நிறுத்து. பொடியே வேண்டாம், கருப்பட்டி கொஞ்சம் தட்டிப் போடு.

உன் தப்புன்னு சொல்ல வரல. ஒத்தையில வேலையும் பார்த்து, பிள்ளையையும் பார்க்குறது லேசா? ஒத்தையிலன்னா, மாப்பிள்ளையும் வேலையா இருப்பாங்கல்ல, அதைச் சொல்லுதேன். நான் கூப்பிடுற நேரமெல்லாம் அவுக வெளியதான் இருக்காக. கவின் என்னமோ சொன்னான், அப்பா வேற வீட்ல இருக்காங்கன்னு. குழந்தைப் பேச்சு. நான் துருவிக் கேக்கல, நீயும் போனை வாங்கிட்ட.

நீ சின்னதுல ஒண்ணுக்கும் அடம் பிடிச்சதில்ல. நீ பிறந்த 1989லதான் சத்துணவுல முட்டை வந்தது, பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு. முட்டை நாள்னா வராத பிள்ளையும் வந்திரும். நீ பள்ளிக்கூடம் போற வயசு வந்ததும் வரிசையிலதான் உக்காருவேன்னு நின்ன. அமைப்பாளர் மகள்னு ஒரு கரண்டி கூட வைக்கப் போனா பாண்டியக்காவையே முறைப்ப. உங்க பெரியம்மா காமராசர் போட்ட சோத்தைத் தின்னு எழுத்துப் படிச்சவ, நீ எம்ஜிஆர் போட்ட சோத்தைத் தின்னு இன்ஜினீயர் ஆனவ. இதை நான் சொல்லாத ஆள் கிடையாது இந்தத் தெருவுல. அப்படிப்பட்ட பிள்ளை இப்போ டப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் திறக்காம உக்காந்திருந்தா எனக்கு எப்படி இருக்கும்? கழுத்தெலும்பு தெரியுது உனக்கு. வீடியோலயே தெரியுது.

டயட்டுன்னு சொல்லாத. டயட்டு இருக்கவ முகம் அப்படி இருக்காது.

கவினை அடுப்படிக்குள்ள விடு. கத்தி, அடுப்பு பக்கம் வேண்டாம். கீரை ஆயச் சொல்லு, பட்டாணி உரிக்கச் சொல்லு, சப்பாத்தி மாவுல ஒரு உருண்டை கொடு. தான் ஆய்ஞ்ச கீரைன்னா ஒரு வாயாவது வைப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செஞ்சாக்கூடப் போதும். வாரநாள்ல நேரமில்லைன்னா பருப்பை மட்டும் குக்கர்ல வச்சிரு, சோறு, பருப்பு, நெய், ஒரு முட்டை. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். அவனோட உக்காந்து நீயும் சாப்பிடு. ஏற்கெனவே சொல்லிட்டேன்னு தெரியும். திரும்பவும் சொல்லுதேன்.

பஸ்ல ஒரு பார்சல் போட்டிருக்கேன். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நம்ம மரத்து முருங்கைக் கீரையைக் காயவச்சு இடிச்ச பொடி, உடன்குடிக் கருப்பட்டி, பிறகு கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ரெண்டு பாக்கெட். பிஸ்கட்டுக்குப் பதிலா அதைக் கொடு, நம்ம மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கொடுத்தாகளே, அவன்கிட்டயும் சொல்லு, ஊர்ப்பெருமை தெரியட்டும். கடிச்சு மெல்லணும், நீ பக்கத்துல இருக்கும்போது கொடு. பார்சல் ஆபீஸ்ல இருந்து மாப்பிள்ளை நம்பருக்குத்தான் கூப்பிடுவாக, அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். வேற நம்பர் கொடுக்கணும்னா சொல்லு, மாத்திக்கிடலாம்.

நாகர்கோவில்–பெங்களூர் ரயில் கோவில்பட்டியில நிக்கும். தம்பி டிக்கெட் எடுத்துத் தருவான். வரட்டுமா? அப்பாவைச் சித்தி பார்த்துக்கிடுவா, கேட்டுட்டேன். நான் வந்தா ஒண்ணும் கேக்க மாட்டேன். கேக்கமாட்டேன்னு அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். அடுப்படியைப் பார்த்துக்கிட்டு, அவனைப் பள்ளிக்கூடத்துல விட்டுக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பேன். நீ வரச் சொல்லுற வரைக்கும் வரமாட்டேன், ஆனா சொல்லு.

உளுந்தஞ்சோறு பக்குவம் கேட்டிருந்த. போன வருஷம் கேட்டது, இப்பத்தான் எழுதுதேன். பச்சரிசி ஒரு டம்ளருக்குத் தோலோட உடைச்ச கறுப்பு உளுந்து அரை டம்ளர். உளுந்தை வாசம் வர வறுத்துக்க. பூண்டு பத்துப் பல், சீரகம், கொஞ்சம் வெந்தயம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. அரிசி, உளுந்து ரெண்டையும் சேர்த்து அளந்து ஒண்ணுக்கு மூணு தண்ணி. குக்கர்ல நாலு விசில். எள்ளுப்பொடியில நல்லெண்ணெய் ஊத்திக் குழைச்சுத் தொட்டுக்க. இடுப்புக்கு நல்லது, உனக்கும்தான். இது மூணு பேருக்கு உள்ள அளவு. ரெண்டு பேருக்குன்னா முக்கால் டம்ளர் அரிசி போதும். எதுவா இருந்தாலும் நீ உன் பங்கைக் குறைச்சுக்கிடாத.

அன்புடன்
அம்மா