முப்பத்திரண்டு எழுத்தைக் காணோம்

மாப்ளே,

நாலு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை, தெரியும். திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சின்னவள் காலேஜ் போகிறாள், நான் இன்னும் அதே ஸ்கூட்டர்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்த நீல டப்பா கிடைத்தது. உள்ளே பதினேழு ஃபிளாப்பி. கீழமாசி வீதி அண்ணாச்சிக்கு 1994இல் எழுதிக் கொடுத்தோமே பில்லிங் புரோகிராம், இன்றுவரை பாக்கி நிற்கிறதே, அதேதான். ஒன்றில் மட்டும், அதற்குத் தமிழ் எழுத்தெல்லாம் வரைந்த நம்ம குட்டையன் கையெழுத்தில் "எழுத்து. தொடாதே" என்று லேபிள்.

தொட்டுவிட்டேன்டா.

ஆன்லைனில் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி, வந்த அன்றைக்கே ராத்திரி உட்கார்ந்தேன். முதலில் கையில் கிடைத்ததைச் சொருகினேன். கறமுற என்று ஒரு சத்தம், படிக்கவில்லை. எடுத்துவிட்டு அடுத்ததாகக் குட்டையனுடையதைப் போட்டேன். காலையில்தான் முதல் தட்டின் ஷட்டரை நகர்த்திப் பார்க்கிறேன், உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூசணம். அந்தப் பூசணம் டிரைவில் தட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அதோடு போய் குட்டையன் தட்டை உரசியிருக்கிறது. மெல்லிசாக வட்டமாய் ஒரு கோடு. முப்பது வருஷம் பரணில் பத்திரமாக இருந்ததை ஒரு ராத்திரியில் நானே கீறினேன். முதலில் எல்லாத் தட்டையும் வெளிச்சத்தில் பார்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காதுக்குச்சியை நனைத்துத் துடைத்துக் காயவைத்திருக்க வேண்டும். எனக்கு இது தெரியாததா? அவசரம்.

அப்புறம் எல்லாவற்றையும் துடைத்து, ஹெட்டையும் துடைத்து, லினக்ஸில், கெட்ட தட்டிலிருந்து டேட்டா மீட்கும் டிடிரெஸ்க்யூ புரோகிராமை ஓட்டினேன். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, பிடிவாதம் பிடிக்கும் இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும், நம்ம பி.டி. வாத்தியார் மாதிரி. பதினைந்து தட்டு முழுசாக வந்தது. பூசணத் தட்டு போனது போனதுதான், அதில் இருந்தது உன் கேம்ஸ், கவலையில்லை. குட்டையன் தட்டில் 2880 செக்டாரில், அதாவது 512 பைட் துண்டுகளில், மூன்று மட்டும் வரவில்லை. அதில் இரண்டு காலி இடம். மூன்றாவது சரியாக அவன் வரைந்த எழுத்துகள் இருக்கும் அந்த ஃபான்ட் ஃபைலுக்குள்.

கணக்குப் போட்டுப் பார். எழுத்துக்கு 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம், அதாவது 16 பைட். 256 எழுத்துக்கு 4096 பைட், எட்டே செக்டார். ஆறாவது செக்டார் போய்விட்டது. 160 முதல் 191 வரை முப்பத்திரண்டு எழுத்து அவுட்.

இன்றைய 64 பிட் விண்டோஸ் நம்ம 16 பிட் புரோகிராமைச் சீந்தாது, அதனால் பழைய டாஸ் புரோகிராமை ஓட்டும் டாஸ்பாக்ஸில் போட்டேன். நீலத் திரையில் உன் கோணல் மெனு வந்ததும் தனியாகச் சிரித்தேன். பில்லைத் திறந்தால் "து_ரம் ப_ப்பு 2 கிலோ". எந்த எண்ணில் எந்த எழுத்து என்று மளிகைச் சாமானை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், பாதி கண்டுபிடித்தும் விட்டேன். யூனிகோடுக்கு மாற்ற அது போதும். டேட்டா பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அவன் வரைந்தது? எட்டுப் புள்ளிக்குள் ணவை அடைக்க முடியாமல் கிராஃப் தாளில் பென்சிலால் அழித்து அழித்து, கடைசியில் இரண்டு கட்டமாக வெட்டினானே. அந்த ண இருக்கிறது. ழ இல்லை. ழவின் வாலை மடக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டான், நாம் ஜிகர்தண்டா பந்தயம் கட்டினோம். நானே ஒரு ழ வரைந்து பார்த்தேன், வாத்து மாதிரி இருக்கிறது. அவன் இருந்தால் ஒரு போன் போட்டால் போதும். இல்லையே.

1996இல் பெங்களூர் கிளம்பும்போது நீ ஒரு செட் காப்பி எடுத்துக்கொண்டு போனாய். திருமங்கலத்தில் உங்கள் அம்மா வீட்டுப் பரணில் இருக்கலாம். போய்ப் பார். கிடைத்தால் எந்த டிரைவிலும் போடாதே, துடைக்கவும் துடைக்காதே, ஓரத்துத் துவாரத்தை மட்டும் திறந்து வைத்து, துணியில் சுற்றி கொரியரில் அனுப்பு. எழுத்து என்று எழுதிய தட்டு போதும், உன் கேம்ஸ் வேண்டாம்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் கையிலேயே கொண்டு வா. பந்தயத்தில் தோற்றது நீதான், ஞாபகம் இருக்கட்டும்.

மாமா