ஈரல் படம் போதும், அந்த மூணு நாளைப் பத்தி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியைப் பத்தி எழுதுறப்பல்லாம் கெட்டுப்போன ஈரல் படம் ஒண்ணு போட்டுடுறீங்க. தப்புன்னு சொல்லல. ஆனா ஒரு குடிகாரரோட ஒரே வீட்டுல இருந்தவ நான், ஈரல் கெட்டதை நாங்க யாரும் கண்ணால பாக்கல, தினமும் பாத்ததெல்லாம் மூளை கெடுறதைத்தான். அது மூளைன்னு தெரியாமலே பாத்துட்டிருந்தோம்.

எங்க அண்ணன் ராத்திரி குடிச்சிட்டு வந்து அண்ணிகூட சண்டை போட்டு, பையனோட புக்கையெல்லாம் தூக்கி வீசிட்டு, காலைல எந்திரிச்சு "நானா? எப்போ?"ம்பார். நடிப்புன்னுதான் நினைச்சோம். அண்ணி அந்த "எப்போ"வுக்குன்னே தனியா ஒரு சண்டை போடுவாங்க. வேகமா நிறைய குடிச்சா மூளைல ஞாபகத்தைப் பதிவு பண்ற ஹிப்போகாம்பஸ்ங்கிற இடம் வேலையை நிறுத்திடும்னு எங்களுக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது, ஆள் நடப்பார், பேசுவார், நாலு பேருக்கு போன் கூட பண்ணுவார், ஆனா உள்ள எதுவும் ரெக்கார்டு ஆகாது. பிளாக்கவுட்ங்கிறாங்க. (அதுக்காக மன்னிச்சு விட்டுடணும்னு சொல்லல, வீசுன புக்கு வீசுனதுதான்.)

நான் இதை எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு. ஒரு நாள் சொந்தக்காரங்க எல்லாம் கூடி பேசி, அண்ணனும் அழுது இனி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணி, வெளிய விட்டா திரும்பப் போயிடுவார்னு நாங்களே ரூமுக்குள்ள விட்டு தாழ்ப்பாள் போட்டோம். மறுநாள் காலைல டம்ளரைப் புடிக்க முடியாத அளவுக்கு கை நடுக்கம், சட்டையைப் புழிஞ்சா தண்ணி வர்ற மாதிரி வேர்வை. உடம்புல இருக்கிற விஷம் இறங்குது, நல்லதுக்குத்தான்னாங்க பெரியவங்க. அன்னைக்கு ராத்திரியே வலிப்பு வந்துடுச்சு. அள்ளிப்போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம், அங்க மூணாவது நாள் பெட்ஷீட்ல இல்லாத பூச்சியை ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்து என் கைல குடுத்துட்டே இருந்தார், செத்துப்போன எங்க அம்மான்னு நினைச்சு.

டியூட்டி டாக்டர் எங்களைத்தான் திட்டுனார். வருஷக்கணக்கா தினமும் நிறைய குடிக்கிறவரோட மூளையை ஆல்கஹால் பிரேக் மாதிரி அமுக்கி வச்சிருக்கும், அதை சமாளிக்க மூளை எந்நேரமும் ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டே பழகிடும், நீங்க திடீர்னு பிரேக்கை மட்டும் எடுத்துட்டீங்கன்னார். கடைசியா குடிச்ச 6 மணி நேரத்துலயே நடுக்கம் ஆரம்பிக்கலாமாம், வலிப்பு வந்தா பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள்ள, புத்தி தடுமாறுறது 2லருந்து 4 நாளுக்குள்ள. உயிரே போகலாம். மருந்து குடுத்து கூடவே பாத்துக்கிட்டா தாண்டிடலாம். எங்களுக்கு இதுல ஒரு வரி கூட தெரியாது, நல்லது பண்றோம்னு நினைச்சுட்டு தாழ்ப்பாள் போட்டிருக்கோம்.

போன உடனே நர்ஸ் போட்ட ஊசி விட்டமின் பி1, தயமின்னு சொல்வாங்க. ஆளு சாகக் கிடக்கிறார் இப்போ போய் விட்டமினான்னு எனக்கு கோவம். குடிக்கிறவங்க சரியா சாப்பிடறதில்ல, சாப்பிட்டாலும் அந்த சத்து உடம்புல ஒட்டுறதில்ல, அது தீர்ந்துட்டா கண்ணு சரியா அசையாது, நடை தள்ளாடும், புத்தி குழம்பும். வெர்னிக்கிங்கிற டாக்டர் 1881லயே எழுதி வச்ச வியாதி. கவனிக்காம விட்டா ஞாபகமே நிரந்தரமா போயிடலாம். பக்கத்து பெட்ல ஒருத்தர் இருந்தார், பல வாரமா அங்கயே படுத்திருக்கிறவர், நான் எப்ப கேட்டாலும் "இப்பதாம்மா ஆபீஸ் போயிட்டு வந்தேன், இன்னைக்கு வேலை ஜாஸ்தி"ம்பார், அவ்ளோ தெளிவா. பொய் சொல்லல அவர். காலியா இருக்கிற இடத்தை மூளை தானா கதை போட்டு நிரப்பிக்குது.

அண்ணன் நிறுத்தி இப்போ நாலு வருஷம், டாக்டர் பார்வையிலதான். மூளை முழுசா இல்லாட்டியும் ஓரளவு திரும்பி வருது, வீட்டுக்கணக்கு மறுபடியும் அவர்தான் பாக்கிறார். ஆனா பையன் இன்னும் ராத்திரி கேட் சத்தம் கேட்டா படிக்கிறதை நிறுத்திட்டு காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கான். 16 வயசு. போன வாரம் "எனக்கும் வருமா அத்தை?"ன்னு கேட்டான். குடிக்கு அடிமையாகுறதுல பாதிக்குப் பாதி பரம்பரை பங்கு இருக்குன்னு படிச்சிருக்கேன், அதை அவன்கிட்ட மறைக்கல. யோசிச்சு நிதானிக்கிற முன்மூளை ஏறக்குறைய 25 வயசு வரைக்கும் வளர்ந்துட்டுதான் இருக்கு, 15 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சவங்க 21 வரைக்கும் தொடாம இருந்தவங்களை விட 4 மடங்கு அதிகமா அடிமையாகுறாங்கன்னு அமெரிக்கால ஒரு கணக்கும் இருக்கு. அந்த 15ஐ நீ தாண்டிட்டடா, இன்னும் கொஞ்ச வருஷம் தள்ளிப் போடுன்னேன். சிரிச்சான். நம்புனானான்னு தெரியல.

உங்ககிட்ட கேக்கிறது ஒண்ணுதான். தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்துனா அந்த மூணு நாலு நாள் என்னென்ன நடக்கலாம், எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு ஒரு டாக்டர்கிட்ட கேட்டு பெட்டிச் செய்தியா போடுங்க. ஈரல் படத்துக்குப் பக்கத்துலயே கூட போடலாம்.

இப்படிக்கு,
உங்க வாசகி ஒருத்தி