இருபுறமும் அடித்துவிட்ட கோசைன்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள நெட்டையனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டாரின் நலமறிய ஆவல். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாததற்கு நீ திட்டப்போவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். வியாழக்கிழமை மாலை மொட்டைமாடி வகுப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் சமன்பாடுகள் நடத்திக்கொண்டிருந்தேன். தீட்டா என்ற கோணத்தைக் கண்டுபிடிக்க, சைன் 2தீட்டா = கோசைன் தீட்டா என்பது கணக்கு. இடப்பக்கத்தை 2 சைன் தீட்டா கோசைன் தீட்டா என விரித்து, இருபுறமும் இருந்த கோசைனை அடித்துவிட்டு, சைன் தீட்டா = 1/2, ஆகவே ஒரு முழுச் சுற்றுக்குள் விடை 30 டிகிரியும் 150 டிகிரியும் என்று எழுதி முடித்தேன். காசிமேட்டிலிருந்து வரும், அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்து, "ஐயா, 90 போட்டாலும் இரண்டு பக்கமும் பூச்சியம் வருகிறதே, அது ஏன் விடையில் இல்லை?" என்று கேட்டாள்.

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அடிப்பது என்றால் வகுப்பதுதானே? பூச்சியத்தால் வகுக்கலாகாது என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் நானே, கோசைன் பூச்சியமாகும் கோணங்களை எல்லாம் ஒரே கோட்டில் அழித்திருக்கிறேன். பலகையைத் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினேன்: கோசைன் தீட்டா (2 சைன் தீட்டா − 1) = 0. பெருக்குத்தொகை பூச்சியமானால் காரணிகளில் ஒன்றாவது பூச்சியமாக வேண்டும் என்பதால், முதல் காரணி 90, 270 டிகிரிகளையும், இரண்டாவது 30, 150 டிகிரிகளையும் தந்தன. ஒரு சுற்றோடு நிற்காமல் எல்லா விடைகளையும் சொல்லும் பொதுத் தீர்வு என்றால் 30, 150 ஒவ்வொன்றோடும் 360இன் முழு எண் மடங்குகளைச் சேர்க்க வேண்டும். 90உம் 270உம் 180 இடைவெளியில் இருப்பதால், 90உடன் 180இன் மடங்குகளைச் சேர்த்தாலே போதும்.

"முதலில் ஒரு பக்கத்தைப் பூச்சியமாக்கு, பிறகு பேசு" என்று நம் கணக்கு ஐயா உன் முதுகில் ஸ்கேலால் தட்டியது நினைவிருக்கிறதா? தட்டு வாங்கிய நீ மறக்கவில்லை, வேடிக்கை பார்த்த நான் மறந்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் என் பேச்சை நம்பி, தேர்வுத்தாளில் பாதி விடையை எழுதிவிட்டு வந்தார்களோ என்பதுதான் என்னை அரிக்கிறது.

மறுநாள் அவர்களுக்கு 2 கோசைன் வர்க்கம் தீட்டா + 3 சைன் தீட்டா = 0 என்ற கணக்கைக் கொடுத்தேன். கோசைன் வர்க்கத்தை 1 − சைன் வர்க்கம் என மாற்றினால் (2 சைன் தீட்டா + 1)(சைன் தீட்டா − 2) = 0 என்று அழகாகப் பிரிகிறது; சைனின் மதிப்பு 1ஐத் தாண்டாது, 2 ஆக முடியாது என்பதால் அந்தக் காரணியை விட்டுவிட, 210உம் 330உம் கிடைக்கின்றன. சைன் தீட்டா + கோசைன் தீட்டா = 1 என்பதில் ஆபத்து எதிர்ப்பக்கமாக வருகிறது: இருபுறமும் வர்க்கப்படுத்தினால் சைன் 2தீட்டா = 0 ஆகி, 0, 90 டிகிரிகளோடு 180, 270 என்ற பொய் விடைகளும் சேர்ந்துகொள்கின்றன. 180ஐப் போட்டால் −1 வருகிறது என்று அந்தப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் கணக்கில் பட்டம் படிக்க வேண்டும் என்று வீட்டில் போய்ப் பேசப்போகிறேன். நீயும் உடன் வந்தால் நல்லது.

உன் பாலிடெக்னிக் நோட்டுகளில், அடித்தால் விடை தொலையும் கணக்குகள் எத்தனை இருந்தாலும் எழுதி அனுப்பு. பழைய மாணவர்களில் இருபது பேரின் முகவரி என்னிடம் இருக்கிறது; அவர்களுக்குத் திருத்தம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அன்புடன்,
உன் பின்பெஞ்சுத் தோழன்