செம்பும் இழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2009-இல் ஆஸ்திரேலிய அரசு அறிவித்த தேசிய அகலக்கற்றைத் (அதிவேக இணைய) திட்டம், மிகப் பெரும்பாலான வீடுகளுக்கு, ஒளிவழியே தகவலைக் கடத்தும் கண்ணாடி இழையை வாசல்வரை கொண்டுசெல்வதாக இருந்தது. 2013-இல் ஆட்சி மாறிக் கூட்டணி அரசு வந்ததும், செலவும் காலமும் குறையும் என்று கூறி, பல பகுதிகளில் தெருவோர இணைப்புப் பெட்டி வரை இழையும் அதன்பின் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியும் போதும் என முடிவானது. சிக்கனம் தவறன்று, ஆனால் தொலைவு கூடக்கூடச் செம்பில் வேகம் குறையும் என்பது அப்போதே தெரிந்த செய்திதான். 2020-இல் அதே கூட்டணி அரசு, செம்பில் விடப்பட்ட அவ்வீடுகளில் பலவற்றுக்கு இழையை நீட்டிக்கும் திட்டத்தை அறிவித்தது. பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கவேண்டிய கம்பியின் வகையை மாற்றுமுன், பின்னாளில் அதை மீண்டும் மாற்ற ஆகும் செலவையும் கணக்கிட்டு நாடாளுமன்றத்தில் வைப்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்