லெந்து நாட்களில் ஆர்கன் வாசிக்கப்போகும் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுவது. லெந்து என்னும் தவக்கால ஆராதனைக்கு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் ‘ஓ மென்ஷ், பெவைன் டைன் சூண்டே க்ரோஸ்’ ஆர்கன் உருப்படியை வாசிக்கப்போவதாகவும், முதல் ஸ்வரத்திலிருந்தே உருகி இழுத்து வாசிப்பது உனக்குப் பிடித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த இழுப்பில் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் அந்த உருப்படிக்கு அடிப்படையான பாமாலையின் முதல் சரணத்தை, ஆர்கனை மூடி வைத்துவிட்டு, வாய்விட்டுப் பாடு. மத்தேயுஸ் க்ரைட்டர் 1525-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் வேதாகமச் சங்கீதம் ஒன்றுக்கு அமைத்த ராகம் அது. பின்னர் நியூரம்பெர்கின் செபால்ட் ஹைடன் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் தம் நீண்ட பாட்டை அதற்கேற்ப எழுதினார். மனிதனே, உன் பெரும் பாவத்துக்காக அழு என்று தொடங்கும் அந்தச் சரணம், கிறிஸ்து பிதாவின் மடியை விட்டு இறங்கியது, கன்னியிடம் பிறந்தது, மரித்தோரை எழுப்பியது, நோய்களை நீக்கியது என்று பன்னிரண்டு வரிகளுக்குள் நடந்து, சிலுவையில் நெடுநேரம் நம் பாவச் சுமையைச் சுமந்ததில் வந்து முடிகிறது. வைமாரில் தொடங்கிய ‘ஓர்கெல்பூஹ்லைன்’ தொகுப்பில் பாஹ் இதை வரிக்கு இரண்டு தாள அளவாக 24 அளவுகளில் அமைத்தார். வலக்கை தனி விசைப்பலகையில் வாசிக்கும் ராகத்தைக் கமகங்கள் முழுக்க மூடியிருப்பதால், பாடிப் பழகாதவளுக்கு அடியில் ஓடும் ராகம் கேட்காது. கேட்காதபோது கை தானாக இழுக்கத் தொடங்கும்.

தொடக்கத்திலேயே மிக மெதுவாக என்று பொருள்படும் ‘அடாஜியோ அஸ்ஸாய்’ என்று எழுதியிருக்கிறதே என்பாய். ஆம், மெதுவாகத்தான், ஆனால் சீராக. பத்தாவது வரியில், அவர் நமக்காகப் பலியாகும்படி என்னும் இடத்தில், காலால் வாசிக்கும் பெடல் அரை அரை ஸ்வரமாக மேலே ஏறுகிறதல்லவா, அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் முந்தையதன் மேல் காலூன்றி நிற்க வேண்டும். தாளம் முன்னமே தளர்ந்திருந்தால் அங்கே ஏறுவதற்கே ஒன்றும் இருக்காது. இந்தத் தொகுப்பின் முகப்பில் பெடலைத் தவிர்க்க முடியாததாகவே நடத்தியிருப்பதாகப் பாஹ் குறித்திருக்கிறார். வலக்கையின் அழகில் மயங்கி அதை மறப்பவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

மிக மிக மெதுவாக என்னும் ‘அடாஜிஸ்ஸிமோ’ குறிப்பு முடிவில் மட்டுமே வருகிறது. சிலுவையில் நெடுநேரம் என்ற சொற்களுக்கு அவர் கால அளவையே நீட்டுகிறார். யாரும் எதிர்பாராத சி ஃபிளாட் மேஜர் ஸ்வரக்கட்டை அங்கே வைத்து, பிறகு உருப்படியின் மூல சுருதியான ஈ ஃபிளாட் மேஜருக்குத் திரும்புகிறார். 23 அளவுகள் நீ சீராக நடந்து வந்திருந்தால்தான், அந்த ஓர் இடத்தில் காலம் நிற்பதைச் சபையார் உணர்வார்கள்.

இடக்கையின் இரண்டு குரல்களுக்கு மெல்லிய ஒலி தரும் குழாய் வரிசையையே எடு. இந்த வாரம் இடக்கையையும் பெடலையும் மட்டும் வாசித்து, ராகத்தை அலங்காரமின்றி நீயே பாடிப் பதிவு செய்து அனுப்பு. வலக்கையை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா