டப்பா சத்தம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மொஸார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்கள் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அந்தக் காலத்துக் கருவிகளில் வாசித்த பதிவுகளை ‘டப்பா சத்தம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதுதான் மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. பல ஆண்டுகளாக நான் விரும்பிக் கேட்பது அவற்றைத்தான்.

முதலில் கேட்டபோது எனக்கும் ஒட்டவில்லை. இரும்புச் சட்டமும் 88 கட்டைகளும் உள்ள இன்றைய கிராண்ட் பியானோவுக்குப் பழகிய காது அல்லவா! வியன்னாவில் மொஸார்ட் வைத்திருந்தது ஆன்டன் வால்ட்டர் செய்த பியானோ. சட்டம் மரம், சுத்தியல்களுக்குத் தோல் உறை, ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி), அவ்வளவுதான். தொட்ட ஸ்வரம் பளிச்சென்று பிறந்து சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. தூக்கிச் செல்லவும் லேசு. தான் வியன்னா வந்ததிலிருந்து அந்தப் பியானோ பன்னிரண்டு முறையாவது அரங்குக்கோ வேறு வீடுகளுக்கோ போயிருக்கும் என்று அப்பா லியோபோல்ட் 1785 மார்ச்சில் மகளுக்கு எழுதியிருக்கிறார்.

அதற்கு முந்தைய மாதம், பிப்ரவரி 11 அன்று முதன்முதலில் வாசிக்கப்பட்டது டி மைனர் சுருதியில் அமைந்த கான்செர்ட்டோ, மொஸார்ட் படைப்புப் பட்டியலில் கே. 466. பியானோ கலைஞர் மால்கம் பில்சன், இசைக்குழு நடத்துனர் ஜான் எலியட் கார்டினர் இருவரும் 1980களில் இங்கிலிஷ் பரோக் சோலோயிஸ்ட்ஸ் குழுவோடு செய்த பதிவில் இதைக் கேட்டுப் பாருங்கள். தந்திக் கருவிகள் அடிக்குரலில் முணுமுணுக்கும். திடீரென்று ட்ரம்பெட்டும் தோல் முரசும் வெடிக்கும். எல்லாம் ஓய்ந்தபின் பியானோ தன்னந்தனியாக, அதுவரை யாரும் வாசிக்காத ஒரு மெட்டோடு வரும். இன்றைய பியானோ என்றால் இவ்வளவு பெரிய கருவிக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். இங்கே அந்தச் சின்னக் குரலுக்காக நெஞ்சு பதைக்கிறது. எத்தனை முறை கேட்டும் எனக்கு அந்தப் பதைப்பு போகவில்லை.

சி மைனர் கான்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியும் அப்படித்தான். ஓபோ, கிளாரினெட், பசூன் எல்லாம் பியானோவுக்குப் பதில் சொல்லும் இடம் அது. மரப் புல்லாங்குழலும் குடல்நரம்புத் தந்திகளும் சேர்ந்த குழுவில் பியானோ அவர்களில் ஒருவராக உட்கார்ந்து பேசுகிறது.

அப்புறம் பியானோ கலைஞர் ராபர்ட் லெவின். டி மைனருக்கு மொஸார்ட் எழுதிய கடென்ஸா (இசைக்குழு நிற்க, பியானோ தனியாக வாசிக்கும் பகுதி) எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பலரும் பீத்தோவன் எழுதியதை வாசிக்கிறார்கள். லெவினோ மனோதர்மமாகத் தானே அந்த நேரத்தில் கட்டி வாசிக்கிறார். மொஸார்ட் காலத்து வழக்கமும் அதுதான். நடத்துனர் கிறிஸ்டோபர் ஹாக்வுட்டோடும் அவருடைய அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் குழுவோடும் 1990களில் லெவின் தொடங்கிய மொஸார்ட் கான்செர்ட்டோ பதிவு வரிசை பாதியில் நின்றபோது வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அதே குழு பல ஆண்டுகள் கழித்து லெவினோடு மறுபடி உட்கார்ந்து மீதியைப் பதிவு செய்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்றைய பியானோவில் வந்த பதிவுகளை நான் குறைசொல்லவில்லை. இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்குக்கு அது வேண்டும்தான். கட்டுரையாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். இரவில் தெருச் சத்தம் அடங்கியபின் ஹெட்ஃபோன் போட்டு, ஒலியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்து, அந்த டி மைனர் பதிவை ஒரு முறை முழுதாகக் கேட்கட்டும். கேட்டபின் என்ன தோன்றியது என்று அடுத்த இதழில் எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி