பாட்டு கெட்டினது யாருன்னும் கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கெழம பேப்பர்ல இப்ப கொஞ்ச வாரமா நாட்டுப்புற பாட்டு சொந்தமா எழுதி பாடுறவங்கள வீட்டுக்கே தேடிப்போயி பேசி அரைப்பக்கத்துக்கு போடுறீங்கல்லா, அத ஒண்ணு விடாம படிக்கேன், படிச்சு முடிச்சதும் வெட்டி எடுத்து பைல்ல வச்சுக்கிடுவேன். ஒரு பாட்டுக்கார அம்மா அவங்க வீட்டு திண்ணையில உக்காந்திருக்க போட்டோவ அவ்வளவு பெருசா போட்டத பாத்தப்ப எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. ஆனா ரெண்டு மூணு வாரமா ஒரு விஷயம் உள்ள கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு, அத சொல்லத்தான் இந்த லெட்டர். போன்லதான் டைப் பண்ணுறேன், எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்கிடுங்க, ஆனா பேச்ச மட்டும் திருத்தாதீங்க, ஏன்னு பொறவு சொல்லுகேன்.

யாருகிட்ட பேசினாலும் கேள்வி ஒரே மாதிரி வருது. சின்ன வயசுல எவ்வளவு கஷ்டப்பட்டீங்க, சினிமால பாட சான்ஸ் வந்துதா, அரசாங்கம் ஏதாவது குடுத்துதா. இதெல்லாம் கேக்க வேண்டியதுதான், வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா அந்த பாட்ட எப்படி கெட்டினீங்க, மொத அடி எங்க வச்சு கெடச்சுது, மெட்டு யாரு பாடி கேட்டது, எந்த வரிய எழுதிட்டு பொறவு வேண்டாம்னு வெட்டினீங்கன்னு ஒரு வாட்டி கூட கேக்கல. ஒரு ஆசாரி வீட்டுக்கு போனா இந்த கதவ எந்த மரத்துத் தடியில இழைச்சீருன்னு கேக்காம வருவமா? பாட்டுக்காரங்க வீட்டுக்கு போனா மட்டும் அடுப்பையும் கூரையையும் பாத்துட்டு வந்துருதோம்.

நான் தக்கலை பக்கம் மைக் செட் வச்சிருக்கேன், 22 வருஷம் ஆச்சு. கோயில் கொடை, தசரா, சர்ச் திருநாள், கல்யாணம் எல்லாத்துக்கும் போவேன். கொடைன்னா எங்க பக்கத்து கோயில் திருவிழா, ராத்திரி முழுக்க சவுண்டு மிக்சர் பக்கத்துலயே இருக்கணும், எழும்பி போக முடியாது. வில்லுப்பாட்டு குழுவுக்கு மைக் வைக்குறது லேசுப்பட்ட சோலி இல்ல பாத்துக்கிடுங்க, குடத்து வாய்க்கு நேரா வச்சா பத்திங்குற மட்டையால அடிக்கையில பூம்னு எரைஞ்சு பாட்ட முழுங்கிரும், ஒரு சாண் தள்ளி சரிச்சு வைக்கணும், வில்லுல தொங்குற மணிக்கும் வில்ல அடிக்குற வீசுகோலுக்கும் தனியா ஒண்ணு, வலத்தே பாடுறவருக்கு ஒண்ணு, இடத்தே பாடுறவருக்கு ஒண்ணு. இதெல்லாம் செட் பண்ண சாயங்காலமே அவியகூட உக்காந்துருவேன், பொறவு சாமியாட்டம் முடிஞ்சு விடியக்காலம் மூணு மணிக்கு சுக்காப்பி குடிக்கையில பேச்சு வரும் பாருங்க, அதுதான் பேட்டி. அப்ப யாரும் கஷ்டத்த பத்தி பேசமாட்டாவ, இன்னிக்கு அந்த விருத்தம் எங்க எடறுச்சு, ஊரு வளத்த பாடுற நாட்டுவளம் ஏன் நீண்டு போச்சுன்னுதான் பேசுவாவ.

வில்லுப்பாட்டுன்னா முத்தாரம்மன் கதை, சுடலைமாடன் கதை, இசக்கி கதைன்னு பழசத்தான் திரும்ப திரும்ப பாடுறாங்கன்னு வெளிய உள்ளவங்க நெனைக்காங்க. அப்படி இல்ல. எங்க பக்கத்து புலவர் ஒருத்தர், அவருக்கு வயசு அறுவதுக்கு மேல, ஒரு புது கோயில்ல கொடைக்கு ஏத்துக்கிட்டாருன்னா ஒரு மாசத்துக்கு முன்னாடியே அந்த ஊருக்கு சைக்கிள்ல போயிருவாரு. கோயில் கமிட்டிய பாக்க மாட்டாரு, வயசான ஆத்தாமாரத்தான் தேடுவாரு. பீடம் மொதல்ல எந்த மரத்து மூட்டுல இருந்துது, கொளம் ஒடைஞ்ச வருஷம் எது, எந்த வீட்டு பிள்ளைக்கு மொதல்ல சாமி வந்துதுன்னு ஒவ்வொண்ணா கேட்டு லாங் சைஸ் நோட்டுல எழுதிட்டு வந்து, அத வில்லுப்பாட்டு தொடங்குற காப்பு, குருவடி, அவையடக்கம்னு அந்த வரிசையில ஏத்தி புதுசா பாட்டு கெட்டுவாரு. கொடையன்னிக்கு அந்த ஆத்தா சொன்ன கொளத்து பேரு பாட்டுல வந்ததும் முன்வரிசையில இருந்த பாட்டி முந்தானைய வாயில வச்சுட்டு அழுதத நான் என் கண்ணால பாத்தேன். உங்க நிருபர் செய்யுற வேலையத்தான் அவரும் செய்யுறாரு ஐயா, கேட்டுட்டு வந்து பாட்டா எழுதுறாரு. இவர பாட்டு எழுதுறவருன்னு சொல்லாம கிராமிய கலைஞர்னு மட்டும் போட்டா பாதி ஆள விட்டுட்ட மாதிரிதான்.

பொம்பளைங்க விஷயம் இன்னும் நெறைய சொல்லலாம். 2018ல காலமான பூங்கனி அம்மா நம்ம மாவட்டத்துக்காரங்க, வில்லு முன்னாடி பொம்பளை உக்காருறதே அபூர்வமா இருந்த காலத்துல மேடையேறினவங்க. எனக்கு படிக்க கெடச்சதுல எல்லாம் அவங்க கடைசி காலத்து கஷ்டம்தான் இருந்துது, வீசுகோல எப்படி புடிப்பாங்க, மூச்ச எங்க வாங்குவாங்கன்னு எங்கயும் இல்ல. அத பொறுக்க முடியாமத்தான் நான் ஒரு அக்காகிட்ட போன வருஷம் உக்காந்து கேட்டேன். அவிய தோவாளை தாலூக்கா, பகல்ல பூ கெட்டுற வேலை, ராத்திரி வில்லு. இசக்கி கதையில நீலி கள்ளிக்கொம்ப ஒடிச்சு பிள்ளையா ஆக்கி இடுப்புல வச்சுக்கிட்டு போவால்லா, எல்லாரும் அத மாயம்னு சொல்லி ஒரே அடியில தாண்டிருவாவ. இந்த அக்காவுக்கு ஒரு நா ஆஸ்பத்திரியில காய்ச்சல் புடிச்ச சொந்த பிள்ளைய தோள்ல போட்டுட்டு நிக்கையில தோணியிருக்கு, கள்ளிக்கொம்ப இப்படி தோள்ல போட்டா முள்ளு குத்துமேன்னு. அங்கயே மருந்து சீட்டு பின்னாடி எழுதுன ரெண்டு வரி, அவிய அனுமதியோட இங்க எழுதுறேன்:

கள்ளிமுள்ளு குத்துதுன்னு கண்கலங்க மாட்டேனே
சொல்லியழ ஆளில்லாம சொமந்துவாறேன் கண்மணியே

இத அவிய அம்மா பாடுன தாலாட்டு மெட்டுல எட்டு வரியா ஆக்கி கதைக்குள்ள வச்சாவ. மொதல்ல பாடுனப்ப இடத்தே பாடுற அண்ணன் ஏட்டுல இல்லாதத ஏன் பாடுறன்னு சண்டை போட்டாராம். அடுத்த கொடையில அவரே, மக்ளே அந்த தாலாட்ட விட்டுறாதன்னு சொன்னாராம். இத சொல்லுறப்ப அந்த அக்கா மொகத்துல வந்த சிரிப்ப நான் வேற எப்பவும் பாத்ததில்ல. உங்க கஷ்டம் என்னன்னு கேட்டிருந்தா இது வந்திருக்குமா ஐயா?

மேக்க குலசேகரம் பக்கம் ஒரு தம்பி இருக்கான், ரப்பர் பால் வெட்டுறவன், அவனே எழுதி அவனே பாடுவான். நெத்தியில லைட்ட கெட்டிட்டு இருட்டுல வெட்டிக்கிட்டே போகும்போதுதான் பாட்டு வருமாம், ஒரு மரத்துக்கு ஒரு வரி, அடுத்த மரத்துக்கு நடக்குற நேரத்துல அடுத்த வரிக்கு எதுகை தேடணும், சிரட்டைய நிமித்தி வைக்குறதுக்குள்ள கெடைக்கலைன்னா அந்த வரி போச்சு. மழை நாளுல வெட்டு இல்ல, அதனால பாட்டும் இல்லன்னான். அவன் பாட்டுல கொள்ளாம் வரும், சாயா வரும், ஒட்டுப்பால் வரும். ஒருத்தர் அவன் பாட்ட அச்சுல போடும்போது வெப்ராளம்ங்குற வார்த்தைய எடுத்துட்டு பதற்றம்னு மாத்திட்டாரு, முந்தின வரி தாளம்னு முடியுது, தாளத்துக்கும் பதற்றத்துக்கும் என்ன சம்பந்தம், பாட்டு நொண்டி போச்சு. அவன் அத என்கிட்ட காட்டிட்டு ஒண்ணும் சொல்லல, மடிச்சு பாக்கெட்டுல வச்சிட்டான். எங்க மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்னிக்குத்தான் தமிழ்நாட்டோட சேந்துது, அது வரைக்கும் திருவிதாங்கூரோட இருந்த மண்ணு, எங்க பேச்சுல ரெண்டு பக்கத்து வார்த்தையும் கெடக்கும், அது அழுக்கு இல்ல. அதான் மொதல்லயே பேச்ச திருத்தாதீங்கன்னு சொன்னேன். பாடுறவங்க சொன்ன சொல்ல அப்படியே போடுங்க, வெளியூர்க்காரங்களுக்கு புரியாதுன்னா கீழ ஒரு வரியில அர்த்தம் குடுங்க.

கடக்கரையில பாட்டுக்காரின்னு சொன்னா ஒத்துக்கவே மாட்டாங்க. 2017 நவம்பர் 30 ஓகி புயல்ல ஆளத் தொலைச்ச ஒரு அம்மா வருஷா வருஷம் நினைவுநாளுக்கு ஒரு பாட்டு பாடுவாங்க, நான் மைக் வச்சிருக்கேன். இது பாட்டில்ல அண்ணே, சொல்லி அழுறதுன்னாங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் ஒரு வரி கூடும், பையன் ஆறாவது போன வருஷம் அது வந்துது, அவனுக்கு மீசை அரும்பின வருஷம் அது வந்துது. இத நோட்டுல கூட எழுதல, அவங்க நெஞ்சுலதான் இருக்கு. இப்படிப்பட்டவங்ககிட்ட பேச ஆளனுப்பினா ஒரு பொம்பள நிருபர அனுப்புங்க, கேமராவ மொத நா வெளிய எடுக்க வேண்டாம்.

இனி பேரு விஷயம். சுப்பு ஆறுமுகம் ஐயாவ தமிழ்நாட்டுல தெரியாதவங்க கெடையாது, 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, 2022ல காலமானாரு. எங்க ஒழுகினசேரிக்காரரு கலைவாணர் என்.எஸ்.கே. மேடையில வில்லடிச்சு பாடுன காந்தி மகான் கதைய எழுதிக்குடுத்ததும் அவருதான்னு இன்னிக்கு நமக்கு தெரியுதுன்னா, எழுதினவரு இன்னாருன்னு யாரோ சொல்லி வச்சதுனாலதான். நாகர்கோவில் வானொலியிலயும் பாட்டு முடிஞ்சதும் இயற்றியவரு, பாடினவருன்னு பேரு வாசிப்பாங்க, சின்ன வயசுல அத கேட்டுதான் எனக்கு பாட்டுக்கு பின்னாடி ஒரு ஆளு உண்டுன்னே தெரியும். கொடையில அப்படி சொல்ல யாரும் இல்ல. அந்தக் காலத்துல கணியாகுளத்துல நடந்த சண்டைய பாடுற இரவிக்குட்டிப்பிள்ளை கதையில செத்தவரு பேரு நெலச்சு நிக்குது, பாட்டு கெட்டினவரு பேரு பாட்டோட வரல. அன்னிக்கு பேப்பர் கெடையாது, இன்னிக்குத்தான் நீங்க இருக்கீங்களே.

இதுல என் பங்கும் உண்டு. கொடை முடிஞ்சதும் ரெக்கார்டிங் வேணும்னு பென்டிரைவோட யாரு வந்தாலும் மிக்சர்ல இருந்து எடுத்து குடுத்திருக்கேன், யோசிச்சதே இல்ல. அப்படி குடுத்ததுல ஒண்ணுதான் அந்த அக்காவோட தாலாட்டு. ஒரு சேனல்காரங்க அத யூடியூப்ல போட்டாங்க, பேரு இல்ல, பாரம்பரிய பாடல்னு போட்டுட்டாங்க. பொறவு அக்காவோட பையன் அம்மா பாடுன வீடியோவ அவன் போன்ல இருந்து ஏத்துனா, இது எங்களுக்கு சொந்தமான ஆடியோன்னு அந்த சேனல் பேருல கிளெய்ம் வருது. சொந்த பிள்ளைக்கு எழுதின தாலாட்டுக்கு! அக்கா என்ன ஒரு வார்த்தை திட்டல. நான் மூணு ராத்திரி ஒறங்கல. இப்ப எழுதினவங்க கிட்ட கேக்காம யாருக்கும் குடுக்குறது இல்ல.

அப்ப ஒரு வக்கீல் அண்ணன்கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டது இது, தயவுசெஞ்சு ஒரு வாரம் அந்த பக்கத்துல பெட்டி கெட்டி போடுங்க. 1957 பதிப்புரிமை சட்டப்படி பாட்டு எழுதி வச்ச அன்னிக்கே அது எழுதினவங்களுக்கு சொந்தம், ரெஜிஸ்டர் பண்ணலைன்னாலும் சொந்தம், அவங்க காலம் முழுக்கவும் அதுக்கு பொறவு 60 வருஷமும் உரிமை உண்டு. பாடுறவங்களுக்கும் தனியா உரிமை உண்டு. நீலி கதை பழசு, அது எல்லாருக்கும் பொது, ஆனா அதுக்குள்ள ஒருத்தர் புதுசா வச்ச எட்டு வரி பொது இல்ல. நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்கன்னு அவரு சொன்னத நான் போற எடமெல்லாம் சொல்லிட்டு வாறேன், நாலு பேரு கேக்காவ. நீங்க எழுதுனா மாவட்டம் முழுக்க கேக்கும்.

பேட்டி போடும்போது அவங்க கெட்டின பாட்டுல ஒண்ண முழுசா, இயற்றியவர் பேரு மேல வச்சு, எந்த வருஷம் எந்த கோயிலுக்கு கெட்டினதுன்னு சேத்து போடுங்க. அதுக்கு எடம் பத்தலைன்னா போட்டோவ சின்னதாக்கிக்கிடலாம். கேள்வி கேக்க பகல் பத்து மணிக்கு வராதீங்க, அப்ப பாட்டுக்காரங்க ஒறங்குற நேரம், இல்லைன்னா கூலி வேலைக்கு போயிருப்பாங்க. ராத்திரி 10 மணிக்கு மேல வெளிய ஸ்பீக்கர் வைக்கக்கூடாதுன்னு ரூல் இருக்குறதுனால இப்பல்லாம் நடுராத்திரி பாட்டு கோயில் முத்தத்துல இருக்குறவங்களுக்கு மட்டும்தான் கேக்குது, சாமி வர பாடுற வரத்துப்பாட்டுல அவங்க புதுசா வைக்குற வரி வீட்டுல படுத்திருக்கவங்களுக்கு எட்டுறதே இல்ல, நேர்ல வந்தாத்தான் உண்டு.

வாற ஆடி கடைசி வெள்ளி நான் சொன்ன அந்த புலவரும் அக்காவும் ஒரே கோயில்ல பாடுறாங்க, மைக் செட் என்னோடதுதான். உங்க நிருபர அனுப்புங்க, மிக்சர் பக்கத்துல குடம் அடிக்குறவருக்கு பின்னால ஒரு நாற்காலி போட்டு வைக்கேன், அங்க இருந்தா நோட்டுல அவிய என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு நல்லா தெரியும்.

இப்படிக்கு,
மைக் செட்டுக்காரன்,
தக்கலை பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்